செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைத் தேடிப் போகிறவர்களுக்கு: விலாசம் முதல் அனுமதி வரை

செட்டிநாட்டில் ஒரு பெரிய மனிதர் பிறந்த வீட்டையோ வாழ்ந்த வீட்டையோ பார்த்துவிட வேண்டும் என்று ஆசையோடு வருகிறவர்களில் பலர், பூட்டிய கதவைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். காரைக்குடிக்குக் குடிவந்த புதிதில் நானும் இப்படி ஊர் ஊராக அலைந்தேன். யாரிடம் கேட்பது, என்ன எழுதிக் கேட்பது, எந்த மாதம் போவது என்று சொல்ல ஆள் இல்லை. அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் அந்த அலைச்சலைத் தவிர்க்கலாம்.

1. எந்த வகை வீடு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் வகை, பணம் கட்டினால் உள்ளே போகக்கூடிய வீடுகள். ஆத்தங்குடியில் உள்ள லட்சுமி இல்லத்தை நுழைவுக் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். கானாடுகாத்தானில் ‘விசாலம்’, கடியாபட்டியில் ‘சிதம்பர விலாஸ்’, கொத்தமங்கலத்தில் ‘சாரதா விலாஸ்’ ஆகியவை இன்று விடுதிகள். விசாலம் ஒரு தந்தை தன் மகளுக்காகக் கட்டிய வீடு. இங்கெல்லாம் தங்குகிறவர்களுக்கு வீடு முழுக்கத் திறந்திருக்கும். தங்க வசதி இல்லாதவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்துகொண்டு போகலாம். சாப்பிட வருகிறவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்கலாமா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது வகை, நினைவிடங்கள். காரைக்குடியில் உள்ள கவிஞர் கண்ணதாசன் மணிமண்டபமும், கம்பன் அடிப்பொடி சா. கணேசன் உருவாக்கிய கம்பன் மணிமண்டபமும் இந்த வகை. யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் இவை அவர்கள் வாழ்ந்த வீடுகள் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். கண்ணதாசன் 1927-இல் பிறந்த ஊர் சிறுகூடல்பட்டி. மணிமண்டபத்தை மட்டும் பார்த்துவிட்டு அவர் வீட்டைப் பார்த்ததாக எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வகைதான் இந்தக் கட்டுரையின் மையம். குடும்பத்தின் கையில் இருக்கும், பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள். இவற்றுக்கு அனுமதி வாங்கியே தீர வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. தேடிப் போனால் அங்கே ஒன்றும் இருக்காது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் நூலகத்தைப் பார்க்கக் கோட்டையூருக்கு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் கொண்ட அந்தச் சேகரிப்பை, அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-இல் அது சென்னைக்குப் போய்விட்டது. இப்போது தரமணியில் இருக்கிறது. அதேபோல, ஏ.வி. மெய்யப்பன் போர்க்காலத்தில் காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தா பக்கம் நடத்திய ஸ்டூடியோவைத் தேடி வந்தால், இருந்த இடத்தைக் கைகாட்டுவார்கள். ஸ்டூடியோவாகப் பார்க்க அங்கே எதுவும் கிடையாது.

2. விலாசம் இல்லாமல் கிளம்பாதீர்கள்

இங்கே வீட்டைத் தெருப் பெயராலும் கதவு எண்ணாலும் கேட்டால் பதில் கிடைப்பது அரிது. குடும்பத்தின் விலாசத்தால் கேட்க வேண்டும். விலாசம் என்பது முன்னோர் பெயர்களின் சுருக்கெழுத்துகளைக் கோத்த தொடர். ‘ராம.’, ‘சித.’, ‘பழ.’, ‘அரு.’, ‘மெ.’ என்று வரும். வாசல் இரும்புக் கிராதியிலும், முகப்புச் சுதை வேலையிலும், பழைய கல்யாணப் பத்திரிகைகளிலும் அதைப் பார்க்கலாம்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார் குடும்பங்களில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். அதனால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வரும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய, கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் தகப்பனார் பெயர் முத்தையா. மகன் பெயரும் முத்தையா. அந்த மகன்தான் 1933-இல் சென்னை மாநகராட்சியின் மேயரான எம்.ஏ. முத்தையா செட்டியார். அதே கானாடுகாத்தானில் இன்னொரு குடும்பத்தில் எம்.சிடி. முத்தையா செட்டியார் இருந்தார். இரண்டு முத்தையாக்களுமே ‘சர்’ பட்டம் பெற்றவர்கள்.

அடுத்த தலைமுறையில் குழப்பம் இன்னும் கூடும். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயர் தந்தவர் எம்.ஏ. சிதம்பரம், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன். “சிதம்பரம் செட்டியார் வீடு எங்கே இருக்கிறது?” என்று கானாடுகாத்தானில் கேட்டால் எந்தச் சிதம்பரம் என்ற கேள்விதான் பதிலாக வரும். முன்னெழுத்தைச் சரியாகச் சொன்னால் சரியான வாசலுக்குப் போய்ச் சேருவீர்கள்.

பழைய ஆங்கிலக் கடிதங்களிலும் வங்கித் தாள்களிலும் வரும் எழுத்துகளைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ‘சிடி’ என்றால் சித., ‘ஆர்எம்’ என்றால் ராம., ‘பிஎல்’ என்றால் பழ. ஊர்ப் பெரியவர்களிடம் தமிழ்ச் சுருக்கத்தையே சொல்லுங்கள்.

விலாசத்தை எங்கே தேடுவது? நான் பலன் கண்ட இடம் கோயில். நகரத்தாருக்கு இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்கள். உங்கள் மனிதர் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்று தெரிந்தாலே பாதித் தேடல் முடிந்தது. கோயிலிலும் ஊரில் உள்ள சத்திரம், பள்ளிக்கூடம், ஊருணி ஆகியவற்றிலும் திருப்பணி செய்தவர்களின் பெயர்கள் முழு விலாசத்தோடு கல்லில் வெட்டப்பட்டிருக்கும். அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை கூட்டுதல் என்ற சுவீகார வழக்கத்தையும் மறக்காதீர்கள். பிறந்த வீடு ஒன்று, வளர்ந்த வீடு ஒன்று, விலாசமும் மாறிவிடும். கண்ணதாசன் சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்து, சிறு வயதிலேயே இன்னொரு வீட்டுக்குச் சுவீகாரம் போய் நாராயணன் என்ற பெயரில் வளர்ந்தவர். ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் ஒரு வீட்டோடு நின்றுவிடுவீர்கள்.

3. ஆவணங்களில் எதைத் தேடலாம், எதைத் தேடக்கூடாது

முதலில் ஊர் எந்த மாவட்டம் என்று பாருங்கள். செட்டிநாடு ஒரே மாவட்டத்தில் இல்லை. காரைக்குடி, கானாடுகாத்தான், கோட்டையூர், தேவகோட்டை ஆகியவை சிவகங்கை மாவட்டம். கடியாபட்டி, இராயவரம், அரிமளம் ஆகியவை புதுக்கோட்டை மாவட்டம். தவறான சார்பதிவாளர் அலுவலகத்தில் வரிசையில் நின்றால் ஒரு நாள் போய்விடும்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். 1975 முதலான பதிவுகள் பொதுவாக இணையத்தில் கிடைக்கும். அதற்கு முந்தியது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, தேடும் ஆண்டுகளுக்கு ஏற்பக் கட்டணம் செலுத்த வேண்டும். கிராமப் பெயரும் சர்வே எண்ணும் கையில் இருக்க வேண்டும்.

ஆனால் இதில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். வில்லங்கச் சான்று விற்பனை, அடமானம், பதிவான பாகப்பிரிவினை ஆகியவற்றைத்தான் காட்டும். கட்டிய நாள் முதல் ஒரே குடும்பத்தில் இருக்கும் வீட்டுக்கு எந்தப் பதிவும் இல்லை என்றே வரலாம். அந்த வீட்டில் யார் வாழ்ந்தார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. வீட்டு வரி ரசீது சில சமயம் இன்னும் தாத்தா பெயரிலேயே வந்துகொண்டிருக்கும். அந்த வரியை இப்போது கட்டுகிறவர் யார் என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். கடிதம் எழுத வேண்டியது அவருக்குத்தான்.

முகப்பில் உள்ள ஆண்டை அப்படியே கட்டிய ஆண்டாக எழுதிவிடாதீர்கள். மராமத்துப் பார்த்த ஆண்டாகவும் மாடி எடுத்த ஆண்டாகவும் இருக்கலாம். குடும்பத்தாரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாரதி வந்துபோன இடங்களைத் தேடி வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அவர் 1919-இல் கானாடுகாத்தானில் வை.சு. சண்முகம் செட்டியார் வீட்டில் தங்கினார். காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கத்துக்கும் வந்தார். அந்தப் பயணத்தில் எடுத்த புகைப்படத்தை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். 1917-இல் தொடங்கிய அந்தச் சங்கத்திலிருந்து தேடலைத் தொடங்குவது நல்லது. தனி வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன் பொது அமைப்பில் விசாரிப்பது எல்லாருக்குமே பொருந்தும் வழி.

4. அனுமதிக் கடிதம்: யாருக்கு, எப்படி

ஒரு பெரிய வீட்டுக்கு ஒரே உரிமையாளர் இருப்பது அபூர்வம். திருமணமான ஒவ்வொரு ஆணின் குடும்பமும் ஒரு புள்ளி. ஒரு வீட்டில் பல புள்ளிகளுக்குப் பங்கு இருக்கும். வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி. சாவியும் தனித்தனி. முகப்பும் வளவும் எல்லாருக்கும் பொது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவலாளி “வாருங்கள், காட்டுகிறேன்” என்றால் மகிழ்ச்சிதான். அந்த வார்த்தை பொது இடத்துக்கு மட்டுமே பொருந்தும். அதுவும் பங்காளிகளில் ஒருவர் ஆட்சேபித்தால் அவர் வேலைக்கே இடைஞ்சல் வரும். பணம் கொடுத்து அவரை வற்புறுத்துவது பெரிய அநியாயம். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ மலேசியாவிலோ இருக்கும் குடும்பத்தாருக்கு எழுதிக் கேளுங்கள். முகவரியோ தொலைபேசி எண்ணோ காவலாளி தரத் தயங்கினால் கேட்டு நச்சரிக்க வேண்டாம். கடிதத்தை அவரிடமே கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. நான் பயன்படுத்தும் வாசகம் இது:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் இன்ன ஊரில் இன்ன வேலை பார்க்கிறேன். தங்கள் குடும்பத்து இன்னாரைப் பற்றி எழுதிவருகிறேன். இன்ன தேதிக்கும் இன்ன தேதிக்கும் இடையில், தங்களுக்குத் தோதான ஒரு நாளில், முகப்பையும் முதல் வளவையும் ஒரு மணி நேரம் பார்க்க அனுமதி வேண்டுகிறேன். என்னோடு ஒருவர் வருவார். தாங்கள் சம்மதித்தால் மட்டுமே படம் எடுப்போம். எழுதியதை வெளியிடுவதற்கு முன் தங்களுக்கு அனுப்புகிறேன். ஆதார் நகல் இணைத்துள்ளேன்.”

எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்த இடம் வரை, படம் உண்டா, எங்கே வெளிவரும் என்ற ஐந்தும் இருந்தால் பதில் வரும். மாணவராக இருந்தால் துறைத் தலைவரின் கடிதத்தைக் கல்லூரி முத்திரையோடு இணையுங்கள். பங்காளிகளுக்குள் பேசி முடிவெடுக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒரு மாதம் முன்னதாக எழுதுங்கள். பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு வேறு வீட்டைப் பாருங்கள். சம்மதம் கிடைத்தால் அதை எழுத்தில் வாங்கி, அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் இருப்பவருக்குக் காட்ட வேண்டியிருக்கும்.

கானாடுகாத்தான் அரண்மனையை உள்ளே விடுவார்கள் என்ற நம்பிக்கையோடு பயணத்தைத் திட்டமிட வேண்டாம். வெளியிலிருந்து பார்ப்பதாகவே வைத்துக்கொண்டு வாருங்கள்.

5. நாளும் நேரமும்

சித்திரை, வைகாசி வெயிலைத் தவிருங்கள். மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தை பிறந்தால் கல்யாணங்கள். வெளியூரில் இருக்கும் குடும்பங்கள் கல்யாணத்துக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும்தான் வீட்டைத் திறக்கின்றன. வீடு உயிரோடு இருக்கும் நாட்கள் அவை. வெளியாள் நுழையக்கூடாத நாட்களும் அவைதான். அன்று வாசலில் போய் நின்று சுற்றிப் பார்க்கக் கேட்காதீர்கள். அந்த நாட்களில் குடும்பத்தாரை அறிமுகம் செய்துகொண்டு, கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு வரலாம். விசேஷம் முடிந்து வீட்டைக் கழுவிப் பூட்டுவதற்கு முன் ஒரு நாள் இடைவெளி கிடைத்தால் அதுதான் பார்ப்பதற்கு ஏற்ற நாள்.

பங்குனியில் காரைக்குடியில் கம்பன் விழா நடக்கும். நிறைவு நாள் விழா நாட்டரசன்கோட்டையில், கம்பன் சமாதி இருக்கும் ஊரில். பழைய குடும்பங்களையும் மனிதர்களையும் அறிந்த பெரியவர்கள் ஒரே இடத்தில் கூடும் சமயம் அது. விசாரணைக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

நாளில் காலை எட்டு முதல் பதினொன்று வரை வையுங்கள். வளவில் வெளிச்சம் இறங்கும் நேரம். மதியம் காவலாளி சாப்பிட்டுப் படுப்பார். கட்டண வீடுகளுக்கும் கிளம்பும் முன் தொலைபேசியில் கேளுங்கள். படப்பிடிப்பு இருந்தால் அன்று விடமாட்டார்கள்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் வசதி. பிற்பகலில் எழும்பூரில் ஏறினால் இரவு காரைக்குடி. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர், பஸ் நிறைய உண்டு. கானாடுகாத்தானும் ஆத்தங்குடியும் ஒரே நாளில் முடியும். கோட்டையூர் காரைக்குடியை ஒட்டிய ஊர். வள்ளல் அழகப்பர் 1909-இல் பிறந்த ஊர் என்பதால் அதற்கு அரை நாள் தனியாக ஒதுக்குங்கள். அதோடு அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தையும், அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் வெளிப்புறத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆய்வகத்துக்குள் போக அங்கேயே தனி அனுமதி வாங்க வேண்டும்.

6. செலவு

தனி வீட்டைக் குடும்பத்தார் காட்டினால் பணம் வாங்கமாட்டார்கள். கொடுக்கவும் முயலாதீர்கள். பழமோ பூவோ வாங்கிக்கொண்டு போங்கள். கதவைத் திறந்து, விளக்குப் போட்டு, கூடவே நடந்த காவலாளிக்குக் கொடுப்பது முறை. கையில் நூறு ரூபாய்த் தாள்கள் இருக்கட்டும். கட்டண வீடுகளின் தொகை பெரியதல்ல, அவ்வப்போது மாறும். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை நுழையும் முன் கேளுங்கள்.

அதிகம் செலவாவது வண்டிக்குத்தான். கிராமங்களுக்கு டவுன் பஸ் உண்டு, ஆனால் திரும்பி வருவதற்குக் காத்திருக்க வேண்டும். நாள் வாடகைக்கு ஆட்டோ பேசும்போது, எந்த ஊர்கள், எத்தனை மணி வரை, காத்திருப்பு உள்பட எவ்வளவு என்று மூன்றையும் சொல்லி முடித்துவிட்டு ஏறுங்கள். “எல்லா வீட்டையும் திறந்து காட்டுகிறேன்” என்று மொத்தத் தொகை கேட்பவர்களோடு போகாதீர்கள். அவர்கள் கொடுக்கும் அனுமதி குடும்பம் கொடுத்தது அல்ல. விடுதிகளில் தங்குவது கணிசமான செலவு. காரைக்குடியில் சாதாரண லாட்ஜில் தங்கி, ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் பெரிய வீட்டில் வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும்.

7. வீட்டுக்குள் நுழைந்ததும்

செருப்பைத் திண்ணைக்குக் கீழே விடுங்கள். வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் அவரிடம் போய் வணங்கிவிட்டு மற்றதைப் பாருங்கள். பெண்களை ‘ஆச்சி’ என்றும், ஆண்களை ‘ஐயா’ என்றும் அழைக்கலாம். வந்த காரணத்தை மறுபடி ஒரு முறை வாயால் சொல்லுங்கள், கடிதம் வேறு பங்காளி கைக்குப் போயிருக்கலாம்.

ஒழுங்கு மாறாமல் பாருங்கள். திண்ணை, முகப்பு, நிலைக்கதவு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, கொல்லை. நிலைக்கதவின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். மேலே கஜலட்சுமி, பக்கவாட்டில் கொடியும் கிளியும். பர்மா தேக்கில் கிளியின் அலகுக்குள் நாக்கு தெரியும்படி செதுக்கிய நிலையை நான் பார்த்திருக்கிறேன். கீழ்ப்பகுதி மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது, தலைமுறை தலைமுறையாகக் கைபட்ட இடம். சுவரைத் தொட அனுமதி கேளுங்கள். அரைத்த சுண்ணாம்பும் முட்டைவெள்ளையும் பூசித் தேய்த்த பூச்சு வெயில் நாளிலும் உள்ளங்கையில் சில்லென்று இருக்கும். விரலால் கீறிப் பார்க்காதீர்கள். தரையில் ஆத்தங்குடிக் கல்லா, வெளிநாட்டு ஓடா, பளிங்கா என்று கட்டுக்குக் கட்டு குறித்துக்கொண்டால், எந்தப் பகுதி எப்போது சேர்ந்தது என்று குடும்பத்தாரிடம் கேட்கச் சரியான கேள்வி கிடைக்கும்.

பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பின்வாசல் இருக்கும் தெருவின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து வருகிறவர் அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் வீட்டை அடையாளம் காண உதவும்.

சாமி அறைப் பக்கம் போக வேண்டாம். படைப்புக்குரிய பெட்டிகளைப் பற்றிக் கேட்கவும் வேண்டாம். சுவரில் இருக்கும் முன்னோர் படங்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். பித்தளை அண்டா, தூண், கண்ணாடிச் சட்டம் எதையும் விலைக்குக் கேட்காதீர்கள். பழம்பொருள் வாங்க ஆசை இருந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கடைகள் இருக்கின்றன. வீடுகளைப் பிரித்துத் தூண் தூணாக விற்றது இந்த ஊர்களுக்கு ஆறாத வேதனை. பார்க்க வந்தவர் விலை கேட்டால் அடுத்து வருகிறவருக்கும் அந்தக் கதவு மூடிவிடும்.

8. திரும்பிய பிறகு செய்ய வேண்டியவை

பத்து நாளுக்குள் படங்களின் அச்சுப் பிரதிகளைக் குடும்பத்தாருக்கு அனுப்புங்கள். செல்பேசியில் அனுப்பினால் போதும் என்று நினைக்க வேண்டாம், வீட்டில் உள்ள பெரியவர்கள் கையில் பிடித்துப் பார்க்க விரும்புவார்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஊர், விலாசம், எந்தக் கட்டு, எடுத்த தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். காவலாளிக்கும் ஒரு பிரதி, அவர் நிற்கும் படமாகப் பார்த்து அனுப்புங்கள்.

கட்டுரையின் படியையும் அனுப்பி, பெயர், உறவுமுறை, விலாசம் ஆகிய மூன்றையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். திருத்தம் வர இரண்டு வாரம் பொறுங்கள். யார் யாருக்கு மகன், யார் சுவீகாரம் போனவர் என்பதில் குடும்பத்தாருக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஆள் இல்லாத வீட்டின் சரியான இருப்பிடத்தையோ, பின்வாசல் படத்தையோ, பூட்டின் படத்தையோ வெளியிடாதீர்கள். நிலைகளும் தூண்களும் திருட்டுப் போகும் ஊர்கள் இவை.

வாங்கிய அனுமதிக் கடிதத்தையும், அவர்கள் திருத்தி அனுப்பிய படியையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். அடுத்த கிராமத்தில் அடுத்த குடும்பத்துக்கு எழுதும்போது, முந்தைய குடும்பம் அனுமதித்தால், அதன் நகலைச் சேர்த்து அனுப்புங்கள். பெரும்பாலும் அவர்கள் ஒருவருக்கொருவர் சம்பந்திகளாகவோ ஒரே கோயில் பங்காளிகளாகவோ இருப்பார்கள். அந்த நகலைப் பார்த்ததும் அவர்களே ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டு உங்களுக்குப் பதில் எழுதிவிடுவார்கள்.